சும்மா விட்ட தோட்டம்

மெத்தைக்கடை அக்காவுக்கு வேலை என்றால் வேப்பங்காய். இதை அவள் ஒளித்துவைத்ததே இல்லை. காய்கறிக்காரியிடம் சொல்வாள், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள், பல்லைப் பிடுங்க வந்த டாக்டரிடம்கூட ஒருதரம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நாலு பேருக்குச் சமைப்பாள், துவைப்பாள், பெருக்குவாள், மிச்ச நேரத்தில் கடைக்கு மெத்தை உறை தைப்பாள். வேலை பிடிக்காத ஒருத்தி தலையில் இத்தனை வேலையைக் கட்டிய கடவுளுக்குக் கொஞ்சமாவது விவஸ்தை இருந்திருக்க வேண்டாமா?

வீட்டில் ஆண்கள் மூன்று பேர். முதலாவது புருஷன். ஊரில் அவருக்கு மெத்தைக்காரர் என்றே பெயர். வீட்டின் முன்னறைதான் கடை. மெத்தைமேல் உட்கார்ந்து மெத்தை விற்பார், கூட்டம் இல்லாதபோது படுத்துக்கொண்டு விற்பார். கேட்டால், "சாம்பிள் காட்டுறேன்" என்பார். இரண்டாவது மாமனார். தண்ணீர்ப் பானைக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான், ஆனால் தாகம் எடுத்தால் அவருக்குக் கையை நீட்டத் தோன்றாது, "மருமகளே" என்று கூப்பிடத்தான் தோன்றும். மூன்றாவது மகன். படிப்பை முடித்துவிட்டு, தனக்கேற்ற வேலையை உலகம் இன்னும் உண்டாக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்குத் துரை என்று பட்டப்பெயர் வைத்தாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிற வீட்டில் அக்காவுக்கு மட்டும் மதியத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் போதும், கத்தரிக்கோல் எங்கே, கண்ணாடி எங்கே, என் நீலச்சட்டை எங்கே என்று மூன்று பக்கமிருந்தும் குரல் வரும். கண்ணாடி பெரும்பாலும் மாமனாரின் நெற்றியிலேயே இருக்கும். அதையும் அக்காதான் வந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவள் தோட்டம் போட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? அவள் போடவில்லை, அதுவாகத்தான் வந்தது.

பழைய மெத்தையைக் கொடுத்துப் புதிது வாங்கினால் தள்ளுபடி என்று மெத்தைக்காரர் போர்டு மாட்டியதிலிருந்து கொல்லைப்புறம் முழுக்கப் பழைய மெத்தைகள் வந்து விழுந்தன. துணி மக்கி, தேங்காய்நார் பிதுங்கி மலையாகக் குவிந்தது. ஸ்பிரிங் மெத்தைகளின் கம்பிச் சட்டங்கள் துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து கிடந்தன. தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை நடக்க அக்காவுக்கு அலுப்பு. காய்கறித் தோல், முட்டை ஓடு, காப்பி மண்டி எல்லாவற்றையும் நார்க்குவியலுக்குப் பின்னால் கொட்டுவாள். நாற்றம் வந்தால் மாமனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாரே என்று மேலே இரண்டு கை நாரை அள்ளிப் போட்டு மூடுவாள். கிளறுவதெல்லாம் கிடையாது. மாதக்கணக்கில் இதுவே நடந்தது.

ஒருநாள் கொட்டப் போனவள் பார்த்தால், குவியலின் ஓரத்தில் தக்காளிச் செடி காய்த்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு பாகற்கொடி, ஸ்பிரிங் சட்டத்தைப் பிடித்து ஏறி அவள் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடியில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு உரம்.

அக்கா அங்கேயே இடுப்பில் கைவைத்து நின்றாள். சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டில் அவளை ஒன்றுமே கேட்காமல் வளர்ந்த முதல் உயிர் அதுதான்.

அதற்குப் பிறகு அக்கா கொஞ்சம் மூளையைச் செலவழித்தாள். ஒருதரம் சிரமப்பட்டால் ஆயுளுக்கும் சும்மா இருக்கலாம் என்பது அவள் கணக்கு. ஸ்பிரிங் சட்டங்களை நிமிர்த்திச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டினாள். நடுவில் இரண்டிரண்டு சட்டங்களை எதிரெதிரே சாய்த்துக் கூடாரம் மாதிரி நிறுத்தினாள். மக்கிய உரத்தை அடியில் பரப்பினாள். அதன்மேல் நாரை முழங்கால் உயரத்துக்குப் போட்டு மூடினாள். ஈரமும் போகாது, களையும் முளைக்காது. கடைசியாக, குழாய் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டு அடுப்படித் தொட்டியின் கழிவுக் குழாயைக் கொல்லைக்குத் திருப்பி, அதில் வரிசையாக ஓட்டை போட்டு நாருக்கடியில் படுக்கவைத்தாள். எண்ணெய்ப் பாத்திரத்தை மட்டும் வெளிக்குழாயில் கழுவிவிடுவாள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர், டம்ளர் அலம்பின தண்ணீர் எல்லாம் நேராகச் செடிக்குப் போகும். வீட்டில் சோறு வேகிறவரை செடிக்குச் சாவில்லை.

குப்பையோடு வந்த விதையிலிருந்தே அவரை, பாகல், சுரை, வெள்ளரி எல்லாம் முளைத்து மேலே மேலே ஏறின. குனிந்து பறிக்க வேண்டியதே இல்லை. நின்ற இடத்தில் நின்று மடியில் போட்டுக்கொண்டு வரலாம். ஒரே ஒரு சங்கடம் வந்தது. சுரைப்பிஞ்சு ஒன்று ஸ்பிரிங் சுருளுக்குள் தலையை விட்டு உள்ளேயே பெருத்துவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, திருகினாலும் வரவில்லை. ஐந்தாறு மடிப்போடு அது தொங்கியதைப் பார்க்கத் தெருவே வந்துபோனது. அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனாரும் வந்தாள். அவள் இடுப்பையும் சுரைக்காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெத்தைக்காரர் வாயைத் திறந்தார், நல்லவேளையாக அக்கா அவர் காலை மிதித்தாள். அன்றிலிருந்து பிஞ்சு விட்டதும் வெளிப்பக்கம் தொங்குகிற மாதிரி விரலால் ஒரு தட்டு தட்டிவிடுவாள். மொத்தப் பராமரிப்பும் அவ்வளவுதான்.

மதியத்தில் ஆண்கள் உண்ட மயக்கத்தில் கிடக்கும்போது அக்கா இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருக்கிற பச்சை நிழலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் அங்கே ஒன்றும் செய்ய மாட்டாள். ஒன்றும் செய்யாமல் உட்கார ஓர் இடம் கிடைத்ததே என்றுதான் உட்காருவாள்.

அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் மேற்பார்வை வேலை, கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவள். அவள் ஊருக்குப் பஸ்ஸில் ஒரு ராத்திரிப் பயணம். போன் பண்ணும்போதெல்லாம், "அக்கா, வா. ஒரு மாசம் வந்து படுத்துக் கிட. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. எனக்கே உன்னை எழுப்ப நேரம் கிடையாது" என்பாள். யாரும் எழுப்ப மாட்டார்கள் என்ற அந்த ஒரு வார்த்தை அக்காவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனாரும் சாப்பிட வந்திருந்தாள், எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகு அக்கா சொன்னாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம்."

யாரும் மெல்லவில்லை.

"ஏன், அவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் மெத்தைக்காரர்.

"அவளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா. நான் தூங்கப் போறேன்."

"தூங்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம கடையிலயே..."

"உங்க கடையில நீங்க தூங்கறீங்களே, இடம் எங்க இருக்கு?"

மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அது சரிம்மா, போற. அப்ப சமையல் யாரு?"

"ஒரு மாசமா?" என்று நாத்தனார் நெஞ்சில் கைவைத்தாள். "அண்ணி, வீடு என்னத்துக்கு ஆகும்? இவங்க மூணு பேரும் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாத ஜென்மங்க!"

"என் தோட்டம் எப்படி இருக்கோ, வீடும் அப்படி இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நான் என்ன பண்றேன் அதுக்கு? ஒண்ணும் பண்றதில்ல. தளதளன்னு நிக்குது."

மெத்தைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ போயிட்டா அதுவும் தாங்காது. நீ தினமும் போய் உட்கார்றயே, அதனால நிக்குது. ஒரு மாசம் போயிட்டு வந்து பாரு, காஞ்ச சருகுதான் இருக்கும். செடியும் ஒண்ணுதான், நாங்களும் ஒண்ணுதான்."

"பந்தயமா?"

"பந்தயம்தான்! நீ திரும்பி வரும்போது செடி பச்சையா இருந்தா, வருஷா வருஷம் ஒரு மாசம் போ. நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளு. செத்துக் கிடந்தா, இனிமே போறேங்கற பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது."

அக்காவுக்கு ஒரு மாசத்துக்காக மிச்ச ஆயுளையே பணயம் வைக்கிறோமா என்று தோன்றியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சரி. ஆனா ஒரு நிபந்தனை. யாரும் அதைத் தொடக்கூடாது. பறிச்சு சாப்பிடுங்க, அவ்வளவுதான். தண்ணி ஊத்தறது, கிளறறது, கொஞ்சறது ஒண்ணும் கூடாது. அடுப்படியில சமைச்சுக் கழுவினா போதும், அதுவே குடிச்சுக்கும்."

"நாங்களா? தொடறதா?" என்று துரை சிரித்தான். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. அந்த மூன்று பேரும் தாங்களாகப் போய் ஒரு வேலையைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. "சத்தியமா தொட மாட்டோம்" என்று மூவரும் சாப்பிட்ட கையோடு சொன்னார்கள். நாத்தனார் நடுவராக இருக்கச் சம்மதித்தாள். பந்தயத்தில் அவள் யார் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை. அண்ணி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவளுக்கும்தானே போகிறது.

அக்கா கிளம்பினாள்.

தங்கச்சி வீட்டில் முதல் சில நாள் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. விடியும்போதே எழுந்து உட்கார்ந்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். "படுடி!" என்று அதட்டுவாள் தங்கச்சி. அக்காவுக்குத் தங்கச்சிதான், இருந்தாலும் அந்த வீட்டில் அதிகாரம் அவளுடையது. கொஞ்ச நாளில் உடம்புக்கு விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு அக்கா தூங்கினாள் பாருங்கள், அது தூக்கம்! காலையில் தூங்கினாள், மதியம் தூங்கினாள், சாயங்காலம் எழுந்து காப்பி குடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்களைப் பற்றி வம்பு பேசினாள். கன்னத்தில் சதை வைத்தது. தங்கச்சியும் அவளும் பழைய சண்டைகளையெல்லாம் எடுத்துப் புதிதாகப் போட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வீட்டுக்குப் போன் செய்தால் மூன்று பேரும் ஒரே மாதிரி பேசினார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கு" என்பார் மெத்தைக்காரர்.

"செடி?"

"அதுவும் நல்லா இருக்கு. நீ தூங்கு."

டக்கென்று வைத்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து, அது எங்கே இது எங்கே என்று கேட்காமல் அவர் பேச்சை முடித்ததே கிடையாது. துரையும் அப்படியே. மாமனாரோ போனை வாங்கவே மாட்டார், தூரத்திலிருந்து இருமுவார். "எனக்கு என்னமோ சரியாப் படலடி" என்றாள் அக்கா. "ஒண்ணும் கேட்கலைன்னா அதுக்கும் கவலையா? உன்னைத் திருத்தவே முடியாது" என்றாள் தங்கச்சி.

மாதம் முடிந்து அக்கா திரும்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கொல்லைக்குத்தான் போனாள். கையில் பை, காலில் செருப்பு.

சட்டங்கள் நின்றன. அவற்றின்மேல் பழுப்புக் கயிறு மாதிரி ஏதோ தொங்கியது. அவரை இல்லை, பாகல் இல்லை, வெள்ளரி இருந்த இடத்தில் கறுத்துப்போன தண்டு. மண்ணின்மேல் நார் இல்லை, அம்மணமாகக் கிடந்தது. அக்கா உட்கார்ந்து மண்ணில் விரலை விட்டாள். சொதசொதவென்று சேறு; புளித்த நாற்றம் மூக்கைத் தாக்கியது. காய்ந்து சாகவில்லை. முழுகிச் செத்திருக்கிறது.

"எல்லாரும் இங்க வாங்க!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல்கூடத் திறந்தது. மூன்று பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். தீர்ப்புச் சொல்லக் காலையிலேயே வந்து காத்திருந்த நாத்தனாரும் பின்னால் வந்தாள்.

"கொன்னுட்டீங்க" என்றாள் அக்கா. "பந்தயத்துல ஜெயிக்கணும், நான் எங்கேயும் போகக்கூடாது, அதுக்காகக் குடம் குடமா ஊத்திக் கொன்னுட்டீங்க. நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? நகையா நட்டா? ஒரு மாசம் தூங்கறேன்னு கேட்டேன். அதுகூடப் பொறுக்கலையா?"

மெத்தைக்காரரின் முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசற? நானா கொன்னேன்? தினம் விடியறதுக்குள்ள எழுந்து வாளி வாளியாத் தண்ணி தூக்கி ஊத்தினவன் நான்!"

துரை அவரைப் பார்த்தான். "நீங்களா? சாயங்காலம் சாயங்காலம் ஹோஸ் பிடிச்சது நான்ப்பா!"

"டேய்" என்றார் மாமனார். "மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் படுத்தப்புறம் சொம்புல மொண்டு மொண்டு ஊத்தினது யாருன்னு நினைச்சீங்க? தானா மழை பெஞ்சுதா?"

ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மூவரும் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். அதனால் மூவரும் திருட்டுத்தனமாகவே ஊற்றினார்கள். மற்ற இரண்டு பேரும் துரும்பைக்கூடத் தூக்க மாட்டார்கள் என்பதில் ஒவ்வொருவருக்கும் அசையாத நம்பிக்கை. ஆகவே நாமாவது ஊற்றுவோம் என்று ஒவ்வொருவரும் தாராளமாக ஊற்றினார்கள். அடுப்படித் தண்ணீர் வேறு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இலை மஞ்சளானது. ஐயோ, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறதே என்று மூவரும் இன்னும் அதிகமாக ஊற்றினார்கள்.

"மேல போட்டிருந்த நார் எங்க?" என்று கேட்டாள் அக்கா.

மெத்தைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது... கையை வச்சுப் பார்த்தேன். எல்லாம் ஈரம். ஈர நாரை அப்படியே விடலாமா? என் தொழில்ல அதைவிடப் பாவம் இல்ல. மூட்டைப்பூச்சி வந்துடும்."

"செடியை மூட்டைப்பூச்சி கடிக்குமாங்க?"

"பழக்கதோஷம். மொத்தத்தையும் அள்ளி மாடியில காயப்போட்டு, கழியால தட்டி, சிக்கெடுத்து நல்லா பஞ்சாட்டம் பண்ணினேன். திரும்பக் கொண்டுவந்து போடத்தான் நினைச்சேன்."

"போட வேண்டியதுதானே?"

"அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு" என்றார் அவர், குரலை இறக்கி. "ஒருத்தர் திண்டு வேணும்னு வந்தாரு."

"வித்துட்டீங்களா?"

"ஒரே ஒரு திண்டுதான். மிச்சம் மூட்டையில இருக்கு."

மாமனாரும் தன் பங்கைச் சொன்னார். மூலையில் புதிதாகச் சேர்ந்த குப்பைக்குவியலைக் கிளறியபோது ஆவி வந்ததாம். நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, சூடாக இருக்கும்போதே தின்றால்தான் தெம்பு என்று இன்னும் மக்கி முடியாத அந்த உரத்தை அள்ளி ஒவ்வொரு செடியின் கழுத்திலும் அணைத்துவைத்தாராம். சாப்பாட்டை மட்டுமே அறிந்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்? துரை தொங்கின கொடியையெல்லாம் அழகாக இழுத்துக் கட்டியிருந்தான். கட்டின இடத்திலெல்லாம் தண்டு முறிந்திருந்தது.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள் அக்கா. "ஒரு ஆண்டி இல்ல, மூணு ஆண்டி."

கோபம் பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். "ஆமா, நீங்க ஏன் ஊத்தினீங்க? அது செத்தா நீங்கதானே ஜெயிப்பீங்க? சும்மா விட்டிருந்தா போதுமே."

மெத்தைக்காரர் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தி அழுத்திப் பார்த்தார். தொழில்முறையில் அழுத்துகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"கேட்கறேன்ல?"

"நீ போன மறுநாள் இங்க வந்து உட்கார்ந்தேன்" என்றார். "நீ உட்கார்ற இடத்துல. சும்மாத்தான் உட்கார்ந்தேன். அப்பதான் புரிஞ்சுது, இந்த வீட்டுல நீ ஆசையா போற இடம் இது ஒண்ணுதான். இதுவும் செத்துப்போச்சுன்னா நீ எதுக்குத் திரும்பி வருவ? என் மூஞ்சியைப் பார்க்கவா? பந்தயம் கிடக்குது போ. எனக்குப் பயமா இருந்துச்சு."

மாமனார் வேறு பக்கம் பார்த்து இருமினார். துரை செருப்பால் சேற்றைக் கிளறினான்.

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தெரியும் என்றே அவளுக்குத் தெரியாது. சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே விளங்கவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

"எதுக்கு வருவேன்னா? மூணு எருமை மாடு இங்க நிக்குதே, அதுங்களை யாரு மேய்க்கிறது?"

துரை முதலில் சிரித்தான். மெத்தைக்காரரும் சிரித்துவிட்டு அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அழுதுகொண்டே யோசிக்கக்கூடியவள். மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அவளுக்கு வேறொன்று உறைத்துவிட்டது. தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"ஏங்க, விடியறதுக்குள்ள எழுந்தேன்னு சொன்னீங்களே. நிஜமாவா?"

"பின்ன? தினமும்!"

"யாரு எழுப்பினா?"

"யாரும் எழுப்பல. நானா எழுந்தேன்."

"மாமா, நீங்க நாற்காலியை விட்டு எழுந்து, குழாய் வரைக்கும் நடந்து, சொம்புல தண்ணி பிடிச்சீங்களா?"

"ஒரு தடவையா? பத்துப் பன்னெண்டு நடை!" மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"டேய் துரை, தினமும் மறக்காம?"

"ஒரு நாள்கூட விடலம்மா."

"இந்த ஒரு மாசமும் யாரு சமைச்சீங்க?"

"மாத்தி மாத்தி" என்றான் துரை. "முதல்ல கருகிச்சு. அப்புறம் பரவாயில்ல. தாத்தா காப்பி நல்லா போடறாரு."

"ஆக" என்று மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள் அக்கா, "உங்க மூணு பேருக்கும் கையும் இருக்கு, காலும் இருக்கு, அதெல்லாம் வேலையும் செய்யுது. யாரும் கூப்பிடாமலே செய்யுது."

அப்போதுதான் மூன்று பேருக்கும் தாங்கள் எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கி விழுங்கவும் வழியில்லை. சாட்சிக்கு நாத்தனார் நிற்கிறாள்.

நாத்தனார் விஷயம் கை நழுவுகிறது என்று கண்டுகொண்டாள். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. பந்தயம்னா பந்தயம். செடி செத்துடுச்சு. நீங்க தோத்தாச்சு. இனிமே போறேங்கற பேச்சு வரக்கூடாது."

"எது பந்தயம்? யாரும் தொடாம இருந்தா செடி நிக்குமா நிக்காதாங்கறதுதானே? இவங்க தொட்டு, தடவி, கழுத்தை நெரிச்சு, திண்டு வரைக்கும் தச்சாச்சு. பந்தயமே நடக்கல. மறுபடி முதல்லேர்ந்து நடத்தணும்."

"மறுபடியா?" என்றாள் நாத்தனார். "அப்ப இதெல்லாம் தழைச்சு வர்றதுக்கே மாசக்கணக்கா ஆகுமே."

"ஆகட்டும். உரம் கிடக்கு, சட்டம் நிக்குது, விதை அடுப்படிக் குப்பையிலயே வருது. நான் என்ன சிரமப்படப் போறேன்? தழைச்சதும் கிளம்பறேன்."

"வேண்டாம்" என்றார் மெத்தைக்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குப் பகீரென்றது. இவ்வளவு பேசிவிட்டுப் பழையபடி முருங்கைமரம் ஏறுகிறாரா?

"பந்தயம் வேண்டாம்னு சொல்றேன்" என்றார் அவர். "செடி இருந்தாலும் போ, செத்தாலும் போ. எப்ப போகணும்னு தோணுதோ அப்ப போ. யாரையும் கேட்க வேண்டாம். வந்துடு, அவ்வளவுதான்."

அக்கா கேட்டு வாங்குவதற்கு எத்தனையோ வாதம் தயார் செய்துவைத்திருந்தாள். கேட்காமலே கொடுத்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வராம?" என்றாள் கடைசியில். "உங்க மூணு பேரையும் நம்பி ஒரு தக்காளிச் செடியை விட முடியுமா?"

பையைக் கீழே வைத்துவிட்டு, சாய்ந்த சட்டங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். மேலே இலை இல்லாததால் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பத் திரும்பினாள், பிறகு சாப்பாட்டு நேரம் என்று ஞாபகம் வந்து நின்றுவிட்டாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி. இன்னிக்கு சமையல் யாரு?"

அந்தக் கேள்வி பிறந்தால் அந்த வீட்டில் எல்லாத் தலையும் அக்கா பக்கம்தான் திரும்பும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு குரலும் வரவில்லை. லேசாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். மாமனார் மெத்தைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மெத்தைக்காரர் துரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், துரை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உள்ளே போனான்.